ஒல்லாந்துக் கப்பல் இரண்டு முறை வந்தது

மல்வேர்ன், ரொறன்ரோ
தை 21, 1996

அன்பான இக்னேசியஸ்,

இதை எழுதுவது யோகராணி அல்ல. நான். வேலும்மயிலும்.

மேலே இருக்கிற வரிகளை எழுத எனக்கு ஒரு முழுப் பின்னேரம் பிடித்தது. என் பெயரே ஏழு எழுத்து. கந்தன் என்று வைத்திருந்தால் அப்பாவுக்கு என்ன குறைந்திருக்கும்?

எழுபத்தாறு வயதில் எழுதப் படித்துவிட்டேன். புதன்கிழமைகளில் இங்கே ஒரு மண்டபத்தின் பேஸ்மென்றில் முதியோர் சங்கத்தின் தமிழ் வகுப்பு நடக்கிறது. இராசரத்தினம் மாஸ்டர் படிப்பிக்கிறார். ஐந்து மாணவர், ஐந்து பேருக்கும் சேர்த்து முந்நூற்று எழுபது வயது. நான்தான் முதலில் வாசிக்கத் தொடங்கினேன். இப்போது பஸ்ஸில் போகும்போது தமிழ்க் கடைப் பெயர்ப்பலகை ஒன்றையும் விடுவதில்லை. சத்தமாக வாசிக்க வேண்டாம் என்று யோகராணி கெஞ்சுகிறாள்.

அவளைப் பற்றி ஒரு முறைப்பாடு. இவ்வளவு காலமும் என் கடிதங்களை அவள்தானே எழுதினாள். நான் அரை மணித்தியாலம் சொல்லுவேன். போன மாதம், அவள் எழுதி வைத்த ஒன்றை எழுத்துக்கூட்டி வாசித்தேன். "அப்பா சுகம். குளிர் கூட." அவ்வளவுதான். உன் முழங்காலைப் பற்றி நான் கேட்ட ஒரு கேள்வியும் அதில் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அப்பா, எனக்கு ஆறு மணிக்கு ஷிஃப்ட். உங்கட கதை முழுக்க எழுதினா நான் வேலைக்குப் போகேலாது" என்கிறாள். ஆகவே இப்போது கேட்கிறேன். உன் முழங்கால் எப்படி?

விசயத்துக்கு வருகிறேன். சங்கம் இந்த வருடம் மலர் போடுகிறது. ஆளுக்கொரு கட்டுரை. நான் ஒல்லாந்துக் கப்பலைப் பற்றி எழுதப் போகிறேன். வருகிற கார்த்திகையோடு அறுபது வருடம். உனக்குத் தெரிந்ததுதான், எழுதிப் பழகுவதற்காக எழுதுகிறேன். "தில்லைநாயகி" வல்வெட்டித்துறைத் தோணி. இரங்கூனில் அரிசி ஏற்றினோம். அரிசிக்கு அடியில் சுங்கத்துக்குச் சொல்லாத பட்டு. எட்டுப் பேர். பதினாறு வயதில் நான்தான் சின்னவன். பாதிரியார் பள்ளியில் படித்து இங்கிலீசு பேசுகிறவன் நீ ஒருவன்தான். புயலில் பாய்மரம் முறிந்து மூன்றாம் நாள், யாவாவுக்குப் போகிற ஒல்லாந்தரின் சரக்குக் கப்பல் எங்களைக் கண்டது. கயிற்றைத் துவக்கில் வைத்து எங்கள் தோணிக்குச் சுட்டு எறிந்தார்கள். முதல் கயிறு அறுந்தது. அறுந்தது என்றே எழுதுவேன், பயப்படாதே. உனக்குத் தந்த சொல் சொல்தான். உன் கட்டுரையிலும் அப்படித்தானே இருக்கிறது.

ஐம்பத்தாறில் நீ பத்திரிகைக்கு எழுதிய அந்தக் கட்டுரை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு இடம்பெயர்விலும் பிளாஸ்திக் உறையில் போட்டுக்கொண்டு ஓடினேன். இங்கே வந்த புதிதில் இமிகிரேசனிலும் காட்டினேன். மொழிபெயர்க்க இருந்த பிள்ளை வாசித்துவிட்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்து, பத்திரமாக மடித்துத் தந்தான். மரியாதையான பிள்ளை. எழுத்து மிகச் சிறிது. கொஞ்சம் பழகியபின் நானே வாசிப்பேன்.

எங்களோடு தோணியில் வந்த கார்த்திகேசுவின் தங்கை தவமணியும் இங்கேதான், டோர்செட் பார்க்கில் மகனோடு இருக்கிறாள். சங்கத்துக்கு வருவாள். நான் ஒரு கதிரையில் இருந்தால் அவள் எழும்பி அடுத்த மூலைக்குப் போவாள். இரண்டு வருடமாக இதே கூத்து. அவளுடைய அண்ணனைக் கடல் கொண்டுபோனதற்கு நான் என்ன செய்ய?

என் கேள்வி: கயிறு அறுந்தபின் கப்பல் எங்களை ஒரு முறை சுற்றியதா, இரண்டு முறையா? எங்களை ஏற்ற வந்த படகில் துடுப்பு வலித்தவர்கள் எத்தனை பேர்? உடனே பதில் போடு.

உன் உயிர் நண்பன்,
வேலும்மயிலும்


கொட்டாஞ்சேனை, கொழும்பு
மாசி 18, 1996

அன்புள்ள வேலும்மயிலும்,

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரன் பார்சல் என்று நினைத்திருப்பான். பதினொரு தாள்! ஒவ்வொரு எழுத்தும் கோழிமுட்டை அளவு. மகள் கிளடிஸ் பார்த்துவிட்டு "அப்பா, இது ஆர் பிள்ளை எழுதினது?" என்று கேட்டாள். எழுபத்தாறு வயதுப் பிள்ளை என்றேன்.

நீ எழுதப் படித்தது சந்தோசம். ஆனால் இந்த வயதில் எதற்கு இந்தக் கரைச்சல்? கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அறுபது வருடப் பழக்கத்தில் ஒரு முறை கேட்டிருக்கிறாய், நன்றி.

துடுப்பு வலித்தவர்கள் ஆறு பேர். சுக்கானில் ஒருவன். கப்பல் எத்தனை முறை சுற்றியது என்று நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

மலருக்கு வேறு ஏதாவது எழுதலாமே? கனடாவின் குளிரைப் பற்றி எழுது. கப்பல் கதையைத்தான் எழுதவேண்டும் என்று நின்றால், நானே முழுவதும் எழுதி அனுப்புகிறேன். கீழே உன் பெயரைப் போட்டுக்கொள். அந்தப் பழைய கட்டுரையைத் தொடாதே. முப்பத்தெட்டு வயதில் அவசரத்தில் எழுதியது. பத்திரிகைக்காரரும் தங்கள் பாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதில் ஒன்றும் இல்லை.

தவமணியைப் பேசாமல் விடு. வயதான பெண்களின் மனத்தை யார் கண்டார்?

இங்கே நிலைமை உனக்குத் தெரியும். சாமான் வாங்கப் போனால் நான்கு இடத்தில் அடையாள அட்டை காட்டவேண்டும். இதற்குள் நீயும் விசாரணை தொடங்காதே.

அன்புடன்,
இக்னேசியஸ்


மல்வேர்ன்
பங்குனி 24, 1996

அன்பான இக்னேசியஸ்,

நீ எழுதி, நான் பெயர் போடுவதா? அதற்கு நான் பழையபடி பெருவிரலையே மையில் தோய்த்திருக்கலாமே. நானே எழுதுவேன்.

சொன்னால் கேட்கமாட்டாய் என்று நீ திட்டுவாய். கட்டுரையை வாசிக்கத் தொடங்கிவிட்டேன். மல்வேர்ன் கடையில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். ஒரு நாளைக்கு இரண்டு வரி. தலைப்பு "வங்கக்கடலில் எமது உயிர்காத்த ஒல்லாந்தர்". நல்ல தலைப்பு. கப்பல் எங்களைக் கண்டதும் காற்றுப் பக்கமாக வந்து நின்று அலையைத் தடுத்ததையும், எண்ணெய் ஊற்றியதையும் எவ்வளவு வடிவாக எழுதியிருக்கிறாய்! கடல் மேலே பாய் விரித்த மாதிரி அடங்கியது என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை மூன்று தரம் வாசித்தேன். மழை மணம் வந்தது.

ஆனால் ஒன்று விளங்கவில்லை. நீ எனக்கு வாசித்துக் காட்டும்போது, எண்ணெய் ஊற்றியவுடனே, "பாய்மரக் கட்டையில் இருந்த சிறுவன் வேலும்மயிலும் பயப்படாமல் மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னான்" என்று ஒரு வரி வரும். எனக்கு மனப்பாடம். அந்த வரி இங்கே இல்லை. பக்கத்தைத் திருப்பியும் பார்த்தேன். பின்பக்கத்தில் சைக்கிள் விளம்பரம்தான் இருக்கிறது.

எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று மாஸ்டரிடம் கொண்டுபோனேன். அவர் வாங்கி ஒரு நிமிடத்தில் முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, உதை விட்டிட்டு நாங்கள் வேற பாடம் படிப்பம்" என்றார். நான் பிழையாக வாசிக்கிறேனோ என்று கேட்டேன். "இல்லை, நீங்கள் சரியாத்தான் வாசிக்கிறியள்" என்றார். முகம் சுருங்கிப் போயிருந்தது.

வாசிக்கத் தெரியாதபோது எல்லோரும் படி படி என்றீர்கள். இப்போது வாசிக்காதே என்கிறீர்கள். என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

இன்னும் இருபத்தொரு வரி இருக்கிறது. துவக்குச் சுடும் இடத்துக்கு வந்துவிட்டேன்.

உன் உயிர் நண்பன்,
வேலும்மயிலும்


கொட்டாஞ்சேனை
சித்திரை 15, 1996

வேலும்மயிலும்,

அவசரமாக எழுதுகிறேன். அந்தக் கட்டுரை எனக்கு உடனே வேண்டும். என்னிடம் பிரதி இல்லை. பழைய கடுதாசி, நீ கண்ணாடி வைத்துத் தேய்த்தால் பொடியாகிவிடும். ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பு. நான் இங்கே பெரிய எழுத்தில் தட்டச்சு செய்வித்துத் திருப்பி அனுப்புகிறேன். உனக்கும் வாசிக்கச் சுகம்.

மேற்கொண்டு ஒரு வரியும் வாசிக்கவேண்டாம். உன் கண்ணுக்காகத்தான் சொல்கிறேன்.

இக்னேசியஸ்


மல்வேர்ன்
வைகாசி 12, 1996

இக்னேசியஸ்,

வாசித்துவிட்டேன்.

உன்னிடம் பிரதி இல்லை என்றாய். நானே எழுதி அனுப்புகிறேன். இதை எழுத எனக்கு நான்கு நாள் சென்றது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினேன். பிழை இருக்காது.

"அச்சமயம் ஒல்லாந்தர் துப்பாக்கியினால் எறிந்த கயிறு எமது தோணியின் முன்புறமாகிய அணியத்தில் வீழ்ந்தது. சுங்கக் காவலர் சுடுகின்றனர் என எண்ணிப் பயந்த பதினாறு வயதுச் சிறுவனாகிய வேலும்மயிலும் என்பான் அக்கயிற்றைக் கத்தியால் வெட்டிவிட்டான். நான் தடுத்தும் கேளான். இதனால் மீட்பு ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. அதற்குள் கார்த்திகேசு என்னும் மாலுமி கடலுக்கு இரையானான்."

நான் தடுத்தும் கேளான்.

இக்னேசியஸ், கத்தி உன்னுடையது. முந்தின பயணத்தில் பருத்தித்துறைக்கு வெளியே காவல் படகு எங்களைச் சுட்டது. அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது. பட்டு ஏற்றுகிறவனுக்குப் பெரிய கப்பல் என்றாலே சுங்கம், துவக்குச் சத்தம் என்றாலே சுங்கம். அதை நான் பிழை என்று சொல்லவில்லை. "சுங்கக்காரன் சுடுறான்ரா!" என்று கத்தினது நீ. வெட்டினதும் நீ. அணியத்தில் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான். நான் இரண்டு கையாலும் மரக்கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தி பிடிக்க எனக்கு மூன்றாவது கை இருந்ததா?

அன்று இரவு ஒல்லாந்துக் கப்பலில், "ஒருத்தருக்கும் சொல்லாதை, உன்ரை காலைப் பிடிக்கிறன்" என்று அழுதாய். நான் சொல்லவில்லை. தோணியை ஓட்டின தண்டையலுக்குச் சொல்லவில்லை. கட்டின மனுசிக்குச் சொல்லவில்லை. அவள் செத்து ஒன்பது வருடம், அவளும் தெரியாமலே போய்விட்டாள்.

இப்போது எல்லாம் விளங்குகிறது. தண்டையல் தன்னுடைய புதுத் தோணியில் என்னை ஏற்றவில்லை. எனக்கு ராசி இல்லை என்று நினைத்தேன். ஒல்லாந்துக் கப்டன், சிவப்புத் தாடிக்காரன், உன்னிடம் இங்கிலீசில் ஏதோ கேட்டான். நீ என்னைக் காட்டிப் பதில் சொன்னாய். அவன் வந்து என் தலையைத் தடவி ஒரு துண்டுச் சொக்லேற் தந்தான். இரண்டாவது கயிற்றைப் பாய்ந்து பிடித்துக் கட்டினதற்குப் பரிசு என்று நினைத்தேன். அறுபது வருடமாக அந்தச் சொக்லேற்றைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பரிசு அல்ல. மன்னிப்பு. செய்யாத பிழைக்கு.

இரண்டாவது கயிற்றை நான்தான் கட்டினேன். அது உண்மை. அந்த உண்மை கட்டுரையில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

இந்தக் கடுதாசியை நான் எத்தனை பேருக்குக் காட்டினேன்! யோகராணியின் சம்பந்திப் பகுதிக்குக் காட்டினேன். கோயில் ஐயருக்குக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவருக்குக்கூடக் காட்டினேன். எல்லோரும் வாசித்து, "ம்ம்" என்று சொல்லி மடித்துத் தந்தார்கள். யோகராணி பன்னிரண்டு வயதிலேயே வாசித்தாளாம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் தெரிஞ்சுதான் வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சன் அப்பா. செய்த பிழையை மறைக்காத மனிசன் எண்டு எனக்குப் பெருமையா இருந்தது" என்கிறாள். இவளோடு நான் என்ன செய்ய? கோபிக்கவும் முடியவில்லை.

வாசித்துக் காட்டு என்று ஒவ்வொரு வருசப் பிறப்புக்கும் உன்னிடம் கொண்டுவருவேன். நீயும் கண்ணாடியைப் போட்டு, கனைத்து, வாசிப்பாய். எதைப் பார்த்து வாசித்தாய்?

தவமணி ஏன் எழும்பிப் போகிறாள் என்பதும் தெரிந்துவிட்டது. அதற்கு நீதான் ஒன்று செய்யவேண்டும். உன் கையால், உண்மையை, அவளுக்கு ஒரு கடிதம் எழுது. எனக்கு வேண்டாம், எனக்கு உண்மை தெரியும். அவளுக்கு எழுதி எனக்கு அனுப்பு. நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எழுதாவிட்டால் இனி உன்னிடமிருந்து எனக்கு ஒரு கடிதமும் வேண்டாம்.

வேலும்மயிலும்


கொட்டாஞ்சேனை
ஆடி 7, 1996

வேலும்மயிலும்,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். வாழ்க்கை முழுவதும் ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். எனக்கென்று ஒன்று எழுத வரவில்லை.

கப்டன் கேட்டது, "கயிற்றை வெட்டினது யார்?" என்றுதான். எனக்குப் பதினெட்டு வயது. சபாங் துறைமுகத்தில் இறக்கியதும் சிறையில் போடுவான் என்று நினைத்தேன். சிறுவனை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று மனம் கணத்தில் ஒரு வழி கண்டது. கை உன் பக்கம் போய்விட்டது. அவன் உனக்குச் சொக்லேற் கொடுத்ததைப் பார்த்ததும், நானென்று சொல்லியிருந்தாலும் எனக்கும் அதைத்தான் தந்திருப்பான் என்று விளங்கியது. விளங்கி என்ன? தண்டையல் கேட்டார், அதையே சொன்னேன். கார்த்திகேசுவின் தகப்பன் கேட்டார், அதையே சொன்னேன். இருபது வருடம் கழித்துப் பத்திரிகைக்காரன் கேட்டான். நூறு பேருக்குச் சொன்னதை ஆயிரம் பேருக்கு எழுதினேன். "நான் தடுத்தும் கேளான்" என்பதை ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த வரிக்காகத்தான் எனக்கு இப்போதும் வெட்கம்.

பத்திரிகை வந்த அன்று நீ என் வீட்டுக்கு ஓடிவந்தாய். புதுச் சட்டை போட்டிருந்தாய். "என்ரை பேர் வந்திருக்காமே, வாசி" என்றாய். நான் விரித்து வைத்துக்கொண்டு உன் முகத்தைப் பார்த்தேன். அச்சில் இருந்தது வாயில் வரவில்லை. நீ இரண்டாவது கயிற்றைப் பாய்ந்து பிடித்ததுதான் வந்தது. நீ அழுதாய். பிறகு ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் அழுவாய். ஒரு சொல் மாறினால், "போன வருசம் அப்பிடி இல்லையே" என்று பிடிப்பாய். இல்லாத கட்டுரை ஒன்றை நான் மனப்பாடம் செய்துவைத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கரைச்சல் உனக்குத் தெரியுமா?

நீ ஒருநாளும் எழுத்துப் படிக்கமாட்டாய் என்று நம்பியிருந்தேன். ஊரிலே ஐம்பது வருடம் படிக்காதவன், போயும் போயும் பனிக்குள்ளே போய்ப் படித்திருக்கிறாய்.

தவமணிக்கான கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றும் மறைக்கவில்லை. கார்த்திகேசு அந்த ஒரு மணித்தியாலமும் என்ன பேசினான் என்பதையும் எழுதியிருக்கிறேன். உனக்குக்கூடக் கேட்டிருக்காது, நீ அணியத்தில் இருந்தாய். நான்தான் அவனுக்குப் பக்கத்தில் போனேன்.

கிளடிசுக்குக் காட்டவில்லை. நானே தபாலில் போடுகிறேன். நெஞ்சு வலிக்கு டொக்டர் மருந்து தந்திருக்கிறார். குடித்தால் தூக்கம் வருகிறது, குடிப்பதில்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் வயதைத் தாண்டிவிட்டேன். இருந்தாலும் கேட்கிறேன்.

இக்னேசியஸ்


மல்வேர்ன்
புரட்டாதி 22, 1996

இக்னேசியஸ்,

உன் கடிதத்தைக் கொடுத்த கதையைச் சொல்கிறேன். சொல்லி முடிக்குமுன் எனக்கு மறுபடி கோபம் வந்துவிடும். உன்மேல் அல்ல. உன்மேலும்தான்.

புதன்கிழமை மண்டபத்துக்கு நேரத்தோடு போனேன். தவமணி யன்னல் பக்கம் இருந்தாள். நான் போக, அவள் எழும்பினாள். நான் வழியில் நின்றுகொண்டேன்.

"தவமணி, உமக்கு ஒரு கடிதம்."

"ஆர் தந்தது?"

"இக்னேசியஸ். பாதிரியார் பள்ளிக்கூடத்து இக்னேசியஸ்."

"உவன் இன்னும் உயிரோடையோ?" என்றாள். கடிதத்துக்குக் கை நீட்டவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்ப இருந்தாள். "வாசியும்" என்றாள்.

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அவளுக்கும் எழுத்துத் தெரியாது! வகுப்பு நடக்கும்போது இரண்டு வருடமாக அடுத்த பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறாள், நான் கவனிக்கவே இல்லை. தகப்பன் வீட்டில் மூச்சுவிடவில்லையாம், ஐம்பத்தாறில் பேப்பரை ஊரிலே யாரோ வாசித்துச் சொன்னார்களாம். அதைக் கேட்டுத்தான் நாற்பது வருடம் என்னை வெறுத்திருக்கிறாள்.

வாசித்தேன். உன் எழுத்து சாய்ந்த எழுத்து, எனக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு சொல்லாகத்தான் போனேன். நீ வெட்டினாய் என்ற இடத்தில் அவள் கை பையை இறுக்கிப் பிடித்தது. அடுத்தது கார்த்திகேசு பேசின இடம். கால் நசுங்கிப்போய், ஒரு மணித்தியாலம் கட்டையில் தொங்கிக்கொண்டு, கப்பல் திரும்பி வருமா வருமா என்று உன்னைக் கேட்டது. கடைசியில் தங்கச்சியின் பெயரைச் சொன்னது.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அண்ணன் உடனே போய்விட்டான், நோகவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். எனக்கு மூன்று வரியைத் தாண்டிவிடுவது ஒரு பெரிய வேலையா? அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஐம்பத்தாறில் நீ என் முகத்தைப் பார்த்ததாக எழுதினாய் அல்லவா, அது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உன்னை மன்னித்தேன் என்று நினைக்காதே. விளங்கியது என்றுதான் சொல்கிறேன்.

தாண்டவில்லை. எழுதியிருந்தபடியே வாசித்தேன். நான் கயிறு கட்டினதையும், உன் கையெழுத்தையும், திகதியையும் வாசித்து முடித்தேன். என் சட்டை நனைந்துபோயிருந்தது. கால் மணித்தியாலம் ஆகியிருக்கும்.

அவள் அழவில்லை. பிறகு என்ன சொன்னாள் தெரியுமா?

"நல்லாச் சோடிச்சிருக்கிறீர்."

"என்ன?"

"உம்மட வாயாலை உம்மைச் சுத்தவாளி எண்டு வாசிக்கிறீர். நான் நம்பவோ? அவன் என்ன எழுதினானோ, நீர் என்ன வாசிச்சீரோ, ஆருக்குத் தெரியும்?"

"தவமணி, எழுத்து எழுத்தாத்தானே வாசிச்சன்! உமக்குக் கேட்டதுதானே!"

"ஓம், நடுவிலை ஒரு இடத்திலை நிண்டனீர். ஏன் நிண்டனீர்? அதிலை ஏதோ மாத்திப்போட்டீர்."

இக்னேசியஸ், அறுபது வருடத்தில் முதல்தடவையாக ஒரு கடிதம் உள்ளபடி வாசிக்கப்பட்டிருக்கிறது. அதை நம்ப ஆள் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்குக் கதிரையைத் தூக்கியிருப்பேன், முதுகு விடவில்லை.

சத்தம் கேட்டு இராசரத்தினம் மாஸ்டர் வந்தார். "அன்ரி, தாங்கோ, நான் வாசிக்கிறன்" என்றார். அவள் கடிதத்தை என் கையில் இருந்து பறித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மாஸ்டர். நீங்களும் உவற்றை ஆள்தானே."

"அப்ப மகனைக் கொண்டு வாசியுங்கோவன்."

"அவன் நான் அழக்கூடாதெண்டு பாதியை விட்டிட்டு வாசிப்பான். ஊரிலையும் எனக்கு வாசிச்சுக் காட்டின ஆக்கள் இருந்தவை, இஞ்சையும் இருக்கினம். காணும். என்ரை அண்ணன் செத்ததை நான் என்ரை கண்ணாலை பாக்கிறன்."

கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து மூடினாள். அடுத்த புதன்கிழமை கொப்பி, பென்சிலோடு வகுப்புக்கு வந்துவிட்டாள். எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. இரண்டு கதிரை தள்ளி இருந்தாள். எழும்பிப் போகவும் இல்லை.

மலருக்கு நான் கட்டுரை எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். எனக்குச் சொல்லவேண்டியிருந்தது ஒல்லாந்தரைப் பற்றித்தான். இப்படி எழுதினேன்: "அவர்கள் எறிந்த கயிற்றை நாங்கள் வெட்டினோம். காப்பாற்ற வந்தவனின் கயிற்றை வெட்டினால் அவன் போய்விடுவான். அவர்கள் போகவில்லை. அந்தப் புயலில் அவ்வளவு பெரிய கப்பலைத் திருப்பி, ஒரு மணித்தியாலம் சுற்றி, மறுபடியும் காற்றுப் பக்கம் வந்து, மறுபடியும் எண்ணெய் ஊற்றி, மறுபடியும் கயிறு எறிந்தார்கள். பிறகு ஏழு பேர் படகில் வந்தார்கள். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டார்கள், ஆனால் எங்களை ஏற்றிய பிறகுதான் கேட்டார்கள்."

வெட்டினவனின் பெயரை எழுதவில்லை. மாஸ்டர் கேட்டார். தவமணி வாசித்து முடிக்கட்டும், அதன் பிறகு அவள் சொன்னால் எழுதலாம், இல்லையென்றால் விடலாம் என்றேன். மலர் பிந்துகிறது என்று சங்கத்தில் எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

அவள் இன்னும் ககர வரிசையில்தான் நிற்கிறாள். பென்சிலை அழுத்தி முறிக்கிறாள், ஆனால் பிடிவாதம் இருக்கிறது. உன் சாய்ந்த எழுத்தை வாசிக்க அடுத்த வைகாசியாவது ஆகும் என்று மாஸ்டர் சொல்கிறார். வாசித்துவிட்டு உனக்குத் தானே பதில் எழுதுவாளாம். என்ன எழுதுவாய் என்று நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது.

அதுவரைக்கும் நீ இருக்கவேண்டும். தூக்கம் வந்தால் தூங்கு. மருந்தைக் குடி.

வேலும்மயிலும்